பாதியில் நின்ற ஹாட்ஷாட்

கூட்டல்குறித் தலை கொண்ட திருகைப் பார்த்தால் உலகம் முழுமைக்கும் ஒரே திருப்புளி போதும் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியல்ல. அமெரிக்காவில் ஹென்றி ஃபிலிப்ஸ் என்பவரின் பெயரால் அறியப்பட்டு, 1936-இல் காடிலாக் கார்களில் இடம்பெற்று, பிறகு எங்கும் பரவிய வடிவம் ஒன்று. ஜப்பானியத் தொழில்தர நிர்ணயப்படி, ஜிஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அளவில், வெட்டப்படும் வடிவம் மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். ஆனால் ஃபிலிப்ஸ் திருப்புளியை ஜப்பானியத் திருகில் வைத்து அழுத்தினால் அதன் முனை பள்ளத்தின் அடிவரை போய் அமர்வதில்லை. வலுக்கொடுத்ததும் வழுக்கி மேலேறும். ஏறும்போது பள்ளத்தின் ஓரங்களைச் சீவிக்கொண்டு போகும். நம்மூர் ஜப்பானிய வம்சத்து மோட்டார் சைக்கிள்களின் கார்புரேட்டர் திருகுகள் பெரும்பாலும் தலை மழுங்கிக் கிடப்பதற்கு மெக்கானிக்குகளின் முரட்டுத்தனத்தைக் காட்டிலும் இதுவே காரணம் என்பது என் நம்பிக்கை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. நான் எழுதப்போவது முழுக்க முழுக்கத் திருகுகளால் ஆன ஒரு வண்டியைப் பற்றி. தமியா நிறுவனம் 1985-இல் வெளியிட்ட ஹாட்ஷாட் என்னும் ரேடியோவால் இயக்கப்படும் பந்தய பக்கி. அசல் வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவு. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பு. சிவப்பு நிற மேலுடலும் முட்கள் கொண்ட டயர்களுமாக, பார்ப்பதற்கு ஏதோ கோபம்கொண்ட பூச்சியைப் போலிருக்கும். பொம்மை என்று இதை அழைத்தால் இந்த உலகத்தில் புழங்குகிறவர்கள் மனவருத்தம் கொள்வார்கள். பொம்மை கடையிலிருந்து முழுதாக வருகிறது. இது பெட்டி நிறையப் பாகங்களாக வரும். பற்சக்கரங்களை அடுக்குவதிலிருந்து மேலுடலுக்கு வண்ணம் பூசுவது வரை வாங்கியவன்தான் செய்ய வேண்டும். ஆகவே, எந்த ஒரு பழைய ஹாட்ஷாட்டும் இன்னொரு ஹாட்ஷாட்டைப் போல இருப்பதில்லை. ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு பையனுடைய பொறுமையின் அளவு பதிவாகியிருக்கிறது.

ஷிஸுவோகா நகரத்துத் தமியா முதன்முதலில் ரேடியோ கார் செய்தது 1976-இல். அது ஒரு போர்ஷே 934. தார்ச்சாலையிலும் சமதளத்திலும் ஓடுவதற்கானது. மண்தரையில் ஓடும் பக்கிகள் வந்த பிறகுதான் ஜப்பானியச் சிறுவர்களிடையே இது காய்ச்சலைப் போலப் பரவியது. 1984 முதல் டோக்கியோ தொலைக்காட்சி ஒன்றில் இந்தப் பந்தயங்களுக்கென்றே வாராந்தர நிகழ்ச்சி இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தொடக்க காலத்து பக்கிகள் எல்லாம் பின்சக்கரங்களால் மட்டும் உந்தப்பட்டவை. மண்ணில் அவற்றுக்கு ஒரு தொல்லை இருந்தது. வேகத்தைக் கூட்டியதும் பின்சக்கரங்கள் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு ஒரே இடத்தில் சுழலும். வளைவில் வால்புறம் விலகிக்கொண்டு போகும். நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்துவிட்டால் ஒவ்வொரு டயரும் தாங்க வேண்டிய சுமை குறைகிறது, பிடிப்பும் தங்குகிறது. எல்லோருக்கும் தெரிந்த இயற்பியல்தான். சிக்கல், பின்னால் இருக்கும் மோட்டாரின் சுழற்சியை முன்சக்கரங்களுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பது.

அந்த ஓரிரு ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு விடைகள் வந்தன. தமியா ஹாட்ஷாட்டில் வண்டியின் நடுவே நீண்ட ஓர் உலோகத் தண்டை வைத்தது. கியோஷோ நிறுவனம் அதே 1985-இல் வெளியிட்ட ஆப்டிமாவில் சைக்கிள் செயினைச் சுண்டுவிரலுக்கும் கீழாகச் சுருக்கியதைப் போன்ற ஒரு செயினை ஓட்டியது. இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டனில் சிசில் ஷூமாக்கர் ரப்பர் பட்டையைத் தேர்ந்தார். பந்தயக் கணக்கில் வென்றது பட்டைதான். 1987-இல் இங்கிலாந்தின் ராம்ஸியில் நடந்த உலகப் போட்டியில் நான்கு சக்கரப் பிரிவை ஷூமாக்கரின் கேட் வண்டியைக் கொண்டு வென்றவர் ஜப்பானியரான மசாமி ஹிரோசாகா; அப்போது அவர் பதின்வயதுப் பையன். ஹாட்ஷாட் உலகப் பட்டம் எதையும் வெல்லவில்லை. ஆனால் ஊர்ப்புறத்துப் பள்ளிக்கூடப் பையன்கள் கையில் இருந்தது அதுதான். செயினுக்கு இழுவை பார்க்க வேண்டும், பட்டைக்குள் கல் புகாமல் காக்க வேண்டும். தண்டுக்கோ மூடிய பெட்டிக்குள் கிரீஸ் இருந்தால் போதும், நினைத்தபோது எடுத்து ஓட்டலாம். பந்தயக்காரர்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இந்த வகை மேன்மையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

நான் வேலை நிமித்தமாக வாழ்வது ஹமாமட்சுவில். மோட்டார் சைக்கிள்களுக்கும் பியானோக்களுக்கும் பேர்போன ஊர். எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் இருந்த முதியவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பியானோத் தொழிற்சாலையில், விசைக்கட்டைகளைச் சமன்செய்யும் பிரிவில், வேலை பார்த்தவர். மனைவி காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. 2025 மார்ச் முடிவில் வீட்டைக் காலிசெய்துவிட்டு முதியோர் இல்லம் ஒன்றுக்குச் செல்வதென்று முடிவாகியிருந்தது. மரவீடு, அவர் போனதும் இடித்துவிடுவார்கள். ஜனவரி மாதத்தில், இந்த ஊருக்கே உரிய வறண்ட குளிர்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அட்டைப்பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு அவர் என் வாசலில் வந்து நின்றார். நான் வாரயிறுதிகளில் பழைய ரேடியோ கார்களைப் பிரித்துக்கொண்டிருப்பதைச் சன்னல் வழியே கண்டிருக்கிறார்.

“தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும். இது ஓடுமா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?” என்றார்.

பெட்டிக்குள் ஒரு ஹாட்ஷாட். சரியாகச் சொன்னால், முக்கால் ஹாட்ஷாட். பின்பக்கப் பற்சக்கரப் பெட்டி திறந்து கிடந்தது. திருகுகளும் சிறு வளையங்களும் ஒரு ஃபிலிம் சுருள் டப்பாவுக்குள் இருந்தன. கருத்த உடலும் சாம்பல்நிற மூடியும் கொண்ட அந்த டப்பாவைப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது என்று ஒரு கணம் வேறெங்கோ போய்விட்டேன். தனியே ஒரு பிளாஸ்டிக் உறையில் பால் பேரிங்குகள். சில எடுக்கப்பட்டிருந்தன, மீதம் அப்படியே. வண்டி அவருடைய மகனுடையது. மகனுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது, இருப்பது சப்போரோவில். அவர்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை என்பதை, ஜப்பானியர்கள் இப்படிப்பட்டவற்றைச் சொல்லும் முறையில், சொல்லாமல் தெரியப்படுத்தினார். ஓடும் நிலையில் அதை மகனுக்கு அனுப்பிவைக்க வேண்டும், வீட்டைவிட்டுப் போவதற்கு முன்பு. அவ்வளவுதான் அவருடைய கோரிக்கை.

பழைய வண்டியைக் கையிலெடுக்கிற எவனும் முதலில் ஒரு வழக்கைத் தீர்த்தாக வேண்டியிருக்கிறது. உள்ளது உள்ளபடி காப்பதா, மேம்படுத்துவதா? சேகரிப்பாளர்கள் முதல் கட்சி. அவர்களுக்கு 1985-இன் பிளாஸ்டிக் வளையம் தேய்ந்திருந்தால் 1985-இன் தேயாத பிளாஸ்டிக் வளையம் வேண்டும். தமியா 2007-இல் ஹாட்ஷாட்டை மறுபடியும் தயாரித்து விற்றபோது, தங்கள் பொக்கிஷங்களின் விலை இறங்கிவிட்டதென்று அவர்களில் பலர் முனகினார்கள். எனக்கு அந்த முனகலில் அனுதாபம் கிடையாது. மறுபதிப்பு வந்ததால்தான் உதிரிபாகங்கள் மீண்டும் கிடைத்தன. பரண்களில் கிடந்த நூற்றுக்கணக்கான வண்டிகள் மறுபடி தரையைத் தொட்டன. மறுதரப்பினர் ஓட்டுகிறவர்கள். பழைய கூட்டுக்குள் இன்றைய மோட்டாரையும் பாட்டரியையும் அடைத்து, அது கிறுகிறுத்துப் பாய்வதைப் பார்த்து மகிழ்கிறவர்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து பொருத்தியதை நான் இந்த விவாதங்களில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தேர் நின்றுபோகாமல் ஓட வேண்டும் என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை; ஆகவே சக்கரம் எதனால் ஆனது என்பது இரண்டாம் கேள்வியாகிவிட்டது.

இந்த வண்டியைப் பொறுத்தவரை வழக்கு அந்த பேரிங் உறையிலேயே தீர்ந்துவிட்டதாக எனக்குப்பட்டது. பெட்டியோடு வந்த சாதாரண வளையங்களைக் கழற்றிவிட்டு, கைக்காசு சேர்த்து வாங்கிய பேரிங்குகளைப் போடத் தொடங்கியிருக்கிறான் பையன். முன்பக்கத்தில் போட்டாகிவிட்டது. பின்பக்கத்தைத் திறந்த இடத்தில் வேலை நின்றிருக்கிறது. பழமையைக் காக்கிறேன் பேர்வழி என்று பிளாஸ்டிக் வளையங்களைத் திரும்ப வைத்தால், அது அவன் வேண்டாமென்று எடுத்துப்போட்டதை மறுபடி அவன்மேல் சுமத்துவதாகும். நாம் தொடர வேண்டியது அவன் நிறுத்திய இடத்திலிருந்து. முதியவரிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “நிறுத்தியது அவனல்ல” என்றார். 1987 இலையுதிர்காலம். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் உயர்நிலைப்பள்ளி நுழைவுத்தேர்வு. ஒருநாள் மாலை வேலையிலிருந்து திரும்பியவர், மேசைமேல் புத்தகங்களுக்குப் பதிலாகப் பற்சக்கரங்கள் பரப்பியிருப்பதைக் கண்டு எல்லாவற்றையும் அள்ளிப் பெட்டிக்குள் போட்டுப் பரணில் ஏற்றியிருக்கிறார். தேர்வு முடிந்ததும் தருவதாகச் சொன்னாராம். தேர்வு முடிந்தது, அவன் கேட்கவில்லை, இவரும் தரவில்லை.

இனி வேலை. ஹாட்ஷாட்டைப் பழுதுபார்ப்பதில் உள்ள துன்பம் எதுவென்றால், எதைத் தொட வேண்டுமானாலும் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். முன்பக்க டிஃபரன்ஷியலைப் பார்க்க நினைத்தால் முதலில் மேலே படுத்திருக்கும் ஷாக் அப்சார்பர், பிறகு தொங்கமைப்பின் கைகள், பிறகு திசைத்திருப்பிக் கம்பிகள் என்று வண்டியின் பாதி மேசைக்கு வந்துவிடும். வடிவமைத்தவர்களுக்கு இது முதல் நான்கு சக்கர பக்கி. அனுபவம் பின்னால்தான் வந்தது. ஆனால் முழுதாகப் பிரிக்க நேர்வதில் ஒரு நன்மையும் உண்டு. சோம்பலுக்கு இடமே இல்லாமல் எல்லாப் பாகத்தையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுகிறோம்.

பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகை மறுபடி முடுக்குவதற்கென்று ஒரு கைப்பழக்கம் வேண்டும். திருகு முதல்முறை இறங்கும்போது தன் மரையைத் தானே வெட்டிக்கொள்கிறது. இரண்டாம்முறை கண்ணைமூடி முடுக்கினால் பழைய மரைக்குக் குறுக்கே புதிய மரையை வெட்டும். நான்கைந்து முறை இப்படி நேர்ந்தால் துளை வெறும் துளையாகிவிடும். ஆகவே முதலில் இடப்பக்கமாக, கழற்றுகிற திசையில், மெல்லச் சுழற்ற வேண்டும். ஓரிடத்தில் ‘டக்’ என்று ஒரு சிறு இறக்கம் விரலுக்குத் தெரியும். பழைய மரையின் வாய் அது. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் எதிர்ப்பில்லாமல் இறங்கும். முப்பத்தேழு வருடம் கழித்து ஒவ்வொரு துளையிலும் அந்த ‘டக்’ கிடைத்தது. பையனுக்கு நல்ல கை.

பேரிங்குகள் தமியாவின் வழக்கமான அளவு: வெளிவிட்டம் 11 மில்லிமீட்டர், உள்விட்டம் 5. உறைக்குள்ளேயே இருந்தும் உள்ளிருந்த கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடித்து உலர்த்தி மெல்லிய எண்ணெய் விட்டபின், விரலால் சுண்டினால் சத்தமின்றிச் சுழன்றன. சாதாரண வளையத்துக்கும் பேரிங்குக்கும் உள்ள வேறுபாட்டை வேகத்தைக் கொண்டு அளப்பார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். வளையம் தேயும்போது அச்சு தள்ளாடுகிறது. அச்சு தள்ளாடினால் பற்கள் ஒன்றோடொன்று சேரும் ஆழம் மாறுகிறது. பிறகு தேய்வது பற்சக்கரம். ஒரு சில்லறைப் பாகம் தன்னைவிடப் பத்துமடங்கு விலையுள்ளதைத் தின்றுவிடும்.

டிஃபரன்ஷியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால் இரண்டுக்கும் தனித்தனி வேகம் தரும் அமைப்பு அது. அதன் பலவீனம், எந்தச் சக்கரத்துக்கு எதிர்ப்பு குறைவோ அதன் பக்கமே விசையை ஓடவிடுவது. குண்டும் குழியுமான தரையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் எழும்பினால் போதும், விசை முழுவதும் அந்த வெறும் சக்கரத்தைச் சுழற்றுவதில் வீணாகும். இன்றைய வண்டிகளில் டிஃபரன்ஷியலைக் கசியாமல் அடைத்து உள்ளே கெட்டியான சிலிகான் எண்ணெய் நிரப்பி இதைச் சமாளிக்கிறார்கள். ஹாட்ஷாட்டில் அதற்கு வழியில்லை, எண்ணெய் ஒழுகிவிடும். தமியாவே விற்கும் பசைபோன்ற ஏடபிள்யூ கிரீஸை முன்பக்கத்தில் சற்று அதிகமாகவும் பின்பக்கத்தில் குறைவாகவும் அப்பினேன். ஒழுகாது, சக்கரங்கள் ஒன்றையொன்று கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும்.

மின்சாரப் பகுதியில்தான் பழமைக்கு நான் எந்தச் சலுகையும் தரவில்லை. அந்தக் காலத்து வேகக்கட்டுப்பாடு என்பது செப்புத் தகடுகளின்மேல் ஒரு கையை சர்வோ மோட்டார் நகர்த்துவது. இடையில் ஒரு மின்தடை. பாதி வேகத்தில் ஓட்டினால் மீதிப் பாதி வெப்பமாக அந்தத் தடையின் வழியே வெளியேறும். தொட்டால் விரல் பொசுங்கும். போதாததற்கு ரேடியோ வாங்கிக்கென்று தனியாக நான்கு பென்சில் பாட்டரிகள். அவற்றின் பெட்டிக்குள் கசிந்து உப்புப்போல் பூத்திருந்ததைச் சுரண்டி எடுக்கவே ஒரு மாலை போயிற்று. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஓர் எலக்ட்ரானிக் வேகக்கட்டுப்பாட்டுக் கருவியை வைத்தேன். பென்சில் பாட்டரிகள் போனதிலேயே சுமார் நூறு கிராம் குறைந்தது. ஒன்றரைக் கிலோ அளவிலான வண்டிக்கு அது பெரிய விஷயம்.

பாட்டரி எது என்பதில் தயக்கமிருந்தது. அன்று இருந்தவை 7.2 வோல்ட், 1200 மில்லியாம்பியர் நிக்கல் காட்மியம். ஏழெட்டு நிமிட ஓட்டத்துக்குப் பின் தீர்ந்துவிடும். இன்று லித்தியம் பாலிமர் அதைப்போல மூன்று நான்கு மடங்கு கொள்ளும். ஆனால் லித்தியம் அறை ஒன்றின் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழே போகவிடக்கூடாது. போனால் கெட்டுவிடும், சமயத்தில் வீங்கும். குறைந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும் கருவி அவசியம். பழைய இயந்திர வேகக்கட்டுப்பாட்டோடு லித்தியத்தைச் சேர்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அடுப்பை எரியவிட்டு வெளியூர் போகிறவர்களைப் போல அவர்கள். எங்களுக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. லித்தியம் இருந்தால் ஹொக்கைடோவுக்கு விமானத்தில் ஏற்றமாட்டார்கள், தரைவழியாகவும் கப்பலிலும் போய்ச்சேர நாளாகும். உருளை அறைகளுக்கென்று வார்த்த அந்தப் பழைய பள்ளத்தில் செவ்வகமான லித்தியம் கட்டி சரியாக அமர்வதுமில்லை. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஒன்றை வைத்தேன்.

மோட்டாரை மாற்றவில்லை. பிரஷ்லெஸ் மோட்டார் ஒன்றை வைத்திருக்கலாம்தான். மூன்று மடங்கு வேகம் வந்திருக்கும். முதல் குதிப்பில் பற்கள் உதிர்ந்திருக்கும். வழுக்கிக்கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும் கிளட்ச் இந்த வண்டியில் கிடையாது. மோட்டாரின் உதறல் நேரே பற்சக்கரத்துக்குப் போகிறது. 540 என்னும் அந்த எளிய மோட்டாரை மனதில் வைத்துக் கணக்கிட்ட பெட்டி அது. மேம்படுத்துதல் என்றால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அறிவது பெரும்பகுதி.

ரேடியோவைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பழைய கருவி 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. நகத்தளவு கிரிஸ்டல் ஒன்றைச் செருகி அலைவரிசையைத் தீர்மானிப்பார்கள். ஒரே எண்ணில் இரண்டுபேர் இயக்கினால் இரண்டு வண்டிகளும் பேய் பிடித்ததுபோல் ஓடும். ஆகவே மைதானத்துக்கு வருகிற பையன் முதலில் அங்கிருப்பவர்களிடம் “உன்னுடையது எத்தனையாவது பேண்ட்?” என்று கேட்டாக வேண்டும். அறிமுகமில்லாதவர்கள் பேசிக்கொள்ள அதுவே தொடக்கம். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் காலியான இடத்தைத் தாமே தேடிக்கொள்கின்றன. யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. புதிய கருவி வாங்கும்போது துப்பாக்கிப்பிடியும் சக்கரமும் கொண்ட வகையை விட்டுவிட்டு, இரண்டு குச்சிகள் உள்ள வகையாகத் தேடினேன். பையனின் பழைய கருவி குச்சி வகை. மூளை மறந்தாலும் கட்டைவிரல்கள் மறந்திருக்காது.

மேலுடலைத் தொடவே இல்லை. ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகட்டுக்கு உட்புறத்திலிருந்து வண்ணம் பூசுவது வழக்கம். வெளிப்புறம் கீறினாலும் வண்ணம் போகாது. வலப்பக்கச் சரிவில், ஈரம் காயும் முன்னே விரல் பட்டிருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பெருவிரலின் ரேகை சிவப்புக்குள், தகட்டுக்கு அடியில், தொட முடியாத இடத்தில் இருந்தது. புதிய மேலுடல் எளிதாகக் கிடைக்கும். விரிசல்களுக்கு உள்ளே கண்ணாடி இழை வலையை ஒட்டியதோடு நிறுத்திக்கொண்டேன்.

கடைசியாக ஃபிலிம் டப்பாவைக் கவிழ்த்தபோது எல்லாத் திருகும் செய்முறைப் புத்தகத்தோடு ஒத்துப்போயிற்று. ஒன்று மட்டும் மிஞ்சியது. மெல்லிய பச்சை அட்டையால் ஆன ஒரு சிறு வளையம். புத்தகத்தில் அப்படியொரு பாகமே இல்லை. கிரீஸ் ஊறிக் கருத்திருந்தது. நடுவிலுள்ள துளையைக் கத்தியால் பெரிதாக்கியதுபோல் ஓரம் பிசிறாக இருந்தது. வேறு ஏதோ பெட்டியிலிருந்து தவறி விழுந்தது என்று ஒதுக்கிவைக்கப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது என்னுடையது” என்றார்.

பியானோவின் ஒவ்வொரு கட்டையும் ஓர் ஊசியின்மேல் நிற்கிறது. கட்டைகள் யாவும் ஒரே மட்டத்தில் நிற்க, ஊசியில் காகித வளையங்களைக் கோர்த்து உயரத்தைச் சரிசெய்வார்கள். கனத்துக்கு ஒரு நிறம். அவருடைய கருவிப்பெட்டியில் எப்போதும் இருந்தவை. பின்பக்க அச்சில் இருந்த நூலிழை ஆட்டத்தைப் போக்க, பதினான்கு வயதில் அந்தப் பையன் அப்பாவின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் துளையைப் பெரிதாக்கிச் செருகிப் பார்த்திருக்கிறான். கனம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். விரல்களுக்கிடையில் ஒருமுறை உருட்டிவிட்டு, “பூஜ்யம் புள்ளி இரண்டு” என்றார். மைக்ரோமீட்டரில் வைத்தேன். கிரீஸ் ஊறியிருந்ததால் ஒரு மயிரிழை கூடுதலாகக் காட்டியது.

அதே கனத்தில் எஃகு வளையம் தமியாவிடமே கிடைக்கிறது. என் மேசை இழுப்பறையிலும் இருந்தது. முறையான வேலை என்றால் அதைத்தான் போட வேண்டும். எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் தலையசைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அரைமணி நேரம் கழித்து, இல்லத்துக்கு எடுத்துச்செல்லக் கட்டிவைத்திருந்த மூட்டைகளிலிருந்து தன் கருவிப்பெட்டியை வெளியே எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே பச்சை வளையங்கள், காகித உறையில், வரிசையாக. ஒன்றை எடுத்து, குழாய்முனை உளியை வைத்து, மரத்துண்டின்மேல் ஒரே தட்டு. 5 மில்லிமீட்டர், பிசிறே இல்லை. பற்சக்கரத்தின் தோளுக்கும் பேரிங்கின் உள்வளையத்துக்கும் இடையில் அச்சோடு சேர்ந்து சுழலப்போகும் பாகம்தான், உரசல் கிடையாது, சில வருடங்கள் தாங்கும் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் கையாலேயே கோர்த்தார். அச்சைப் பிடித்து ஆட்டினோம். ஆட்டம் இல்லை.

பிப்ரவரி இறுதியில் தென்ரியூ ஆற்றின் கரையில், மணலும் கூழாங்கல்லும் கலந்த ஒரு திடலில், ஓட்டிப் பார்த்தோம். கருவியை அவரிடம் நீட்டினேன். வேண்டாமென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். இன்றைய வண்டிகளோடு ஒப்பிட்டால் ஹாட்ஷாட் மெதுவானது. முன்புறம் சற்று விறைப்பு, பள்ளங்களில் துள்ளும். ஆனால் நேர்கோட்டில் வேகத்தைக் கூட்டும்போது நான்கு சக்கரங்களும் ஒன்றாக மண்ணைப் பற்றி இழுக்கும் அந்தக் கணம், 1985-இல் ஒரு பையனுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. முதியவர் வண்டியைப் பார்க்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பும்போது, “பின்பக்கம் சுத்தமாக இருக்கிறது” என்றார்.

மார்ச் முதல் வாரத்தில் அனுப்பினோம். வண்டி, ரேடியோ, பாட்டரி, கழற்றிய பழைய பாகங்கள் தனியுறையில், ஃபிலிம் டப்பாவுக்குள் அந்தப் பழைய பச்சை வளையம். கடிதம் எழுதுவீர்களா என்று கேட்டதற்கு, விலாசம் எழுதியாயிற்றே என்றார்.

பத்து நாள் வரை ஒன்றுமில்லை. பிறகு ஒரு மாலை கைபேசியை எடுத்துக்கொண்டு வந்தார். எழுத்து சிறிதாக இருக்கிறது, வாசித்துச் சொல்லுங்கள் என்றார். மகனிடமிருந்து ஒரே வரி. புது வளையத்தை வெட்டியது நீங்களா என்று கேட்டிருந்தான்.

அதை நான் வாசித்ததும் முதியவர், பின்பக்கப் பெட்டியைத் திறக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். வண்டியைப் பாதி பிரிக்க வேண்டும், பழகிய கைக்கு ஒரு மணி நேரம் என்றேன். கைபேசியை வாங்கிக்கொண்டு, பதில் எழுத எந்த இடத்தில் தொட வேண்டும் என்று கேட்டார்.